சுருளுக்கு முன்னால் எடுத்த கம்பி

இன்று கொடைக்கானல் ஏழு ரோட்டில் பேரனின் கைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயப்பற்று வைத்தார். உருகும் ஈயத்தோடு பிசின் கருகும் புகை என் மூக்கில் ஏறியது. “புகை ஆகாதும்மா, தள்ளி நில்லுங்க” என்றார். நான் இன்னும் கிட்டப் போய் நின்றுகொண்டேன். நம் கல்யாணமான புதிதில் என் சேலையெல்லாம் இந்த வாசனைதானே. அதுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பாவுக்கு உங்களை அவ்வளவாகப் பிடிக்காது. மன்னவனூரில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம் எங்களுடையது. கொடைக்கானலில் ரேடியோ ரிப்பேர் பார்த்து, விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவருக்குப் பெண் கொடுக்க அவர் மூன்று மாதம் யோசித்தார். கொடுத்த பிறகும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

அறுபதுகளில் எங்கள் ஊருக்குக் கரண்டு ஏது? பூம்பாறை வரை லாரி, அதற்குமேல் மட்டக்குதிரை. ஜெனரேட்டரையும் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் ஏற்றிப் போக முடியாது. ஒரே ஒரு லாரி பேட்டரியில் ஊர்த் திருவிழா முழுக்க ஓடுகிற பெட்டி ஒன்றைச் செய்துவிடலாம் என்றீர்கள். மிஷன் பள்ளிக்கூடத்துத் துரை ஊருக்குப் போகையில் விட்டுப்போன பத்திரிகைகளில் அதைப் பார்த்திருந்தீர்கள். சாதாரண ஆம்ப்ளிஃபயர் பாதிக் கரண்டைச் சூடாக்கியே தீர்த்துவிடும். இதில் இரண்டு டிரான்சிஸ்டர், ஒவ்வொன்றும் முழுசாகத் திறக்கும், இல்லையென்றால் முழுசாக மூடும். நொடிக்குப் பல்லாயிரம் முறை. திறந்திருக்கும் நேரம் குரலுக்கு ஏற்றபடி கூடும், குறையும். கடைசியில் ஒரு செம்புக் கம்பிச் சுருள் அந்தத் துடிப்பையெல்லாம் மழுங்கடித்துவிட்டுக் குரலை மட்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்பும். சுருளைச் சுற்றியது நான்தான்.

கடையில் பெட்டி நன்றாகத்தான் பேசியது. திருவிழாவில் அப்பா மைக்கைப் பிடித்ததும் மானம் போனது. ஊருக்கே பெரியதனக்காரர் அவர். ‘சாமி’ என்று தொடங்கினார். குரலுக்குப் பதில் தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட வண்டு இரைந்தது. ஜனம் சிரித்தது. அடுத்த நாளே குதிரைக்காரர்கள் அப்பாவைப் போலப் பேசிக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

“ஊருக்கு முன்னால என்னைய வண்டாக்கிட்டாரு ஒம் புருசன். இனி இந்த வாசலுக்கு வர வேணாம்” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமலே. ஒரு வருஷம் பேச்சில்லை. அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் குதிரைக்காரரிடம் பூண்டு கொடுத்தனுப்புவாள்.

நீங்கள் கோபப்படவில்லை. “அவரு சொன்னது நெசம்தான் புள்ள. பெட்டி வண்டு மாதிரிதான் பேசுது” என்றீர்கள். இரண்டு டிரான்சிஸ்டரும் மாறி மாறித் திறக்கையில் நடுவே ஒரு துளி இடைவெளி விழுந்தது. பேட்டரி சோர்ந்தால் குரலும் கோணியது. அதற்கு மருந்தும் கண்டுபிடித்தீர்கள். வெளியே போகிற ஒலியில் கொஞ்சத்தை ஒரு கம்பி வழியாகத் தொடக்கத்துக்கே திருப்பிக் கொண்டுவருவது. கேட்டது என்ன, கொடுத்தது என்ன என்று பெட்டி தானே ஒப்பிட்டு, பிசகைச் சரிசெய்துகொள்ளும்.

ஒலிபெருக்கி முனையிலிருந்து கம்பியை எடுத்துக் கட்டினீர்கள். மைக்கே இல்லாமல் பெட்டி ஊளையிட்டது. ஒரு டிரான்சிஸ்டர் புகைந்தது. மழை விடாத அந்த மாதம் முழுக்க ஊளைதான். பக்கத்துப் பேக்கரிக்காரர் வந்து, “நாய் எதுவும் வளக்குறீங்களா” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம் அடுத்த சுருளைச் சுற்றிக்கொண்டே கேட்டேன்: “சுருளுக்குள்ள போனா எல்லாம் தாமதமாத்தான் வெளிய வருமா?”

“ஆமா.”

“லேட்டா வர்ற சேதியை வச்சுத் திருத்துனா தப்பாத்தானே திருத்தும். சுருளுக்கு முன்னாலயே கம்பிய எடுத்தா என்னங்க?”

நீங்கள் சுருளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தீர்கள். பிறகு, “இத ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்றீர்கள்.

“நீங்கதான். நேத்துச் சோறு திங்கும்போது சுருளப் பத்தி அரை மணி நேரம் சொன்னீங்களே.”

அன்றே கம்பியை இடம் மாற்றினீர்கள். துடிப்பு அடங்க ஒரு சின்னக் கண்டன்சரையும் சேர்த்தீர்கள். ஊளை நின்றது. மைக்கில் ‘சீனி, சக்கரை, சந்தனம்’ என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் என் குரலாகவே வந்தது. நீங்கள் பேக்கரியில் இருந்த ரொட்டியையெல்லாம் வாங்கி வந்துவிட்டீர்கள்.

அடுத்த திருவிழாவுக்கு என் தாய்மாமன்தான் ஊரில் பேசி நம்மைக் கூப்பிட்டார். அப்பா மைக் பக்கமே வரவில்லை. முதுகைக் காட்டி நின்றார். மாமா பேசினார், தெளிவாகத்தான் கேட்டது. அப்பாவின் முதுகு அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மட்டக்குதிரை அறுத்துக்கொண்டு எங்கள் கிழங்குக் காட்டுக்குள் இறங்கியது. அப்பா எல்லாவற்றையும் மறந்து மைக்கைப் பிடுங்கினார்.

“ஏலே, யாரு குதிரைலே அது? கெழங்குக் காட்டுக்குள்ள கெடக்கு. வெரசாப் பிடிங்கலே!”

சரிவு முழுக்க அவருடைய குரல் போனது. கீழ்க்காட்டில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார், அந்தச் செருமலும் சுத்தமாகக் கேட்டது.

“ஊரெல்லாம் கேட்டுக்கங்க” என்றார். “எம்மகளும் மாப்பிள்ளையும் மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும். சோறு ஆறுது.”

நான் அழுதுவிட்டேன். நீங்களோ குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த பேட்டரி நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டே இருந்தீர்கள்.

அதன்பிறகு எந்த ஊரில் செட்டு கட்டினாலும் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்புவீர்கள். அங்கே எப்படிக் கேட்கிறது என்று நான் கையாட்டிச் சொல்ல வேண்டும். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் என் கால் தானாகக் கடைசி வரிசைக்குப் போனது. மைக்செட்காரர் வந்து, “சத்தம் கூடவா இருக்கு பாட்டி?” என்று கேட்டார்.

“சத்தம் சரிதான் தம்பி. ‘ச’தான் கொஞ்சம் கீறுது.”

அவர் சிரித்துக்கொண்டே போய் எதையோ திருகினார். சரியானதும் மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் நான் ஆசீர்வாதம் செய்வதாக நினைத்துக் கும்பிட்டார்கள். அதையும் செய்துவிட்டுத்தான் வந்தேன்.