குடல் கழுவும் சொட்டு

2024 மார்ச் 3
மச்சான் சுதேஷ் புசல்லாவையிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு போத்தல். அம்மாவின் சீனி வருத்தத்துக்கு, அந்த நீரிழிவுக்கு, அவரே வீட்டில் கலந்த மருந்தாம். போன் திருத்துகிற மனிதர். வாட்ஸ்அப்பில் எவனோ பேசியதைக் கேட்டு வைத்தியராகிவிட்டார்.

மூடியைத் திறந்ததும் என் வேலையிடத்து மணம். தண்ணீர் சுத்திகரிக்க நாங்கள் கையுறை, முகமூடி போட்டுத் தொடுகிற குளோரின் சாமான். சொன்னேன்.

"தண்ணிய சுத்தமாக்குறது ரத்தத்த சுத்தமாக்காதா தம்பி?"

சிரிப்பு வேறு. அக்காவுக்கு இந்த ஆளைத்தானா கட்டிக்கொடுத்தோம்?

மார்ச் 6
போத்தலைக் கொட்டிவிட்டேன். அக்கா சர்மிளா போனில் ஏசினாள். எனக்கு மச்சான்மேல் பொறாமையாம். பொறாமை! எதைப் பார்த்து?

மார்ச் 9
அம்மாவுக்கு வயிற்றோட்டம். மச்சான் புதுப் போத்தலைப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார், களவாக.

அம்மா சந்தோஷமாக இருக்கிறார், அதுதான் எரிச்சல். சின்ன வயதில் பள்ளி லீவு விட்டால் எங்களுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவார். எவ்வளவு போகுதோ அவ்வளவு சுத்தம் என்பது அவர் கணக்கு. இதையும் அதே கணக்கில் போட்டுவிட்டார். "அழுக்கு இறங்குதுடா. மருந்து வேல செய்யுது."

மச்சான் அதைக் கேட்டுச் சொட்டுகளைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். டொக்டர் கொடுத்த சீனி மாத்திரையையும் நிறுத்தியாயிற்று. நஞ்சை உடம்பு வெளியே தள்ளுகிறது, அதைக் குணம் என்கிறார்கள். யாரிடம் சொல்வது?

மார்ச் 11
போத்தலைத் தரச் சொல்லிக் கத்தினேன். அம்மா அதை எங்கோ ஒளித்துவைத்துவிட்டார்.

மார்ச் 13
ஆஸ்பத்திரி. காலையில் அம்மா எழும்பவில்லை, உதடு நீலம். எடுத்த ரத்தம் கோப்பி நிறத்தில் இருந்தது. என்ன குடித்தார் என்று டொக்டர் கேட்டார், சொன்னேன். ரத்தத்தால் ஒட்சிசனைச் சுமக்க முடியவில்லை, சிறுநீரகமும் அடிபட்டிருக்கிறது என்றார்.

வராந்தாவில் மச்சான் சொன்னார்: "இது கடைசிக் கசடு. இனி குணந்தான்."

சட்டையைப் பிடித்துவிட்டேன். அக்கா விலக்கிவிட வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 20
சிறுநீர் கொஞ்சம் இறங்குகிறது. பிழைப்பார் என்கிறார்கள். மச்சான் தன் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார்: நோயாளி பயந்து பாதியில் நிறுத்திவிட்டாராம். த்தூ.

ஏப்ரல் 2
அம்மா மஹய்யாவவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கச் சுவர் வேண்டும்.

மழையோடு அக்கா வந்து நின்றாள், இடுப்பில் மகள், காலில் வீட்டுச் செருப்பு.

"பிள்ளைக்குக் காய்ச்சல். அவரு கிளாஸ எடுத்து அந்த மருந்த சொட்டு சொட்டா விட ஆரம்பிச்சாரு. நான் பஸ் ஏறிட்டேன்."

ஏசுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அம்மா எட்டிப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குடைய எடுடா. டொக்டர்ட்ட காட்டிட்டு வாங்க."