குழி ஆழம் பத்தலை

1956 மே 14, திங்கள்

வெள்ளைக்கார டாக்டர் என் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தான். குமட்டிக்கொண்டு வந்தது. மண்வெட்டி பிடிக்கிறவன் உள்ளங்கையில் விழுகிற மாதிரி என் குரல் நாண்களில் காய்ப்பு விழுந்திருக்கிறதாம்.

"பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கறது சாப்பாட்டுக்கு மட்டும்."

பாடுவது? என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

சிரித்தான். "அந்தக் கத்தலுக்குப் பேரு பாட்டா, டெஸ்ஸி? என் பொண்ணு உன் ரெக்கார்டைப் போட்டா வீடே ரெண்டாகுது."

முன்பின் தெரியாதவன். எடுத்ததும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், நீ வா போ என்கிறான். நான் மட்டும் தாளில் ‘டாக்டர் சார்’ என்று எழுத வேண்டும். எழுதினேன். கை கூசியது. அக்காவும் நானும் கறுப்பர்களுக்கான பின்வாசல் வழியாக வந்தோம், பின்வாசல் வழியாகப் போனோம்.

பேசாமல் இருந்தால் வெடித்துப்போவேன். அதனால்தான் இந்த டைரி.

மே 16, புதன்

கோரீன் அக்கா நான் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேசுகிறாள். "கர்த்தரே உன் வாயை அடைச்சிருக்கார்டி. அவர் என்ன சொல்ல வர்றார்னு காது குடுத்துக் கேளு."

கேட்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் சொல்கிறாள்.

மே 19, சனி

ஸ்டோக்ஸ் வந்தான். கையில் பூங்கொத்து. அவன் பூ கொண்டுவந்தால் எனக்குப் பிண வாடைதான் வரும். என் மேனேஜர் ஆவதற்கு முன்னால் அவன் தொழில் அதுதானே, பிணத்தைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, பெட்டியில் வைத்து அனுப்புவது. நான் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த காலம். பக்கத்து வீட்டுக்காரர் சாவுக்கு சர்ச்சில் பாடினேன். பெட்டியை மூட வந்தவன் மூடாமல் நின்றான். "செத்தவனே எழுந்து உக்காந்துடுவான் போலிருக்கே, தாயீ" என்றான். அடுத்த வாரம் ரெக்கார்டிங். ஒடெஸ்ஸா என்றால் வாயில் நுழையாது என்று டெஸ்ஸி ஆக்கினதும் அவன்தான்.

அந்த விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன். அவன் இல்லாவிட்டால் ‘சாவி என் கையில்’ பாட்டு இல்லை. அதன் நடுவில் நான் கூவுகிற அந்தக் கூவலுக்காக இந்த நாடே எழுந்து நின்று ஆடியிருக்காது.

"எல்லா ஊர்க் கச்சேரியும் ரத்து. நீ நிம்மதியா ரெஸ்ட் எடு" என்றான். மேடை கவுன்களைச் சலவைக்குப் போடுகிறேன் என்று அள்ளிக்கொண்டு போனான்.

நன்றி என்று எழுதிக் கொடுத்தேன். நான்தான். என் கையால்.

மே 27, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். எல்லாரும் பாடினார்கள். நான் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதிரியார் என்னைப் பார்த்துக்கொண்டே, கர்த்தரை விட்டு உலகத்துக்குப் பாடின வாயைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அக்காவுக்கே கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதிசயம்.

ஜூன் 9, சனி

சுருள் முடியை நீவி நேராக்கிவிடும் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரி மில்லி சூடேற்றின சீப்பை என் காதோரம் வைத்துக்கொண்டே சொல்கிறாள்: "போன வாரம் மெரிடியன் ஊர்க் கச்சேரியில நீ கொளுத்திட்டியாமே! என் நாத்தனார் போன் பண்ணினா. பச்சை கவுன்ல தேவதை மாதிரி இருந்தியாம்."

நான் திரும்பியதில் காது சுட்டுவிட்டது.

மெரிடியன் போய் ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் நான் கோரீன் அக்கா சமையலறையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன்.

பச்சை கவுன் சலவையில் அல்லவா இருக்கிறது?

ஜூன் 10, ஞாயிறு

ஹோரஸை வரவழைத்தேன். ஆரம்பத்திலிருந்து என் பக்கத்தில் நின்று சாக்ஸபோன் வாசிக்கிறவன். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு வாசலிலேயே நின்றான். அப்போதே தெரிந்துவிட்டது.

"நீயே சம்மதிச்சுட்டேன்னு ஸ்டோக்ஸ் சொன்னாரு, டெஸ்ஸி. உன் பேர்ல வேற ஒரு பொண்ணு. ரெண்டு ஊர்ல வாசிச்சேன். அப்புறம் மனசு கேக்கலை, வந்துட்டேன். வீட்ல மூணு புள்ளைங்க பசியோட..."

சோள ரொட்டித் தட்டை அவன் மேல் வீசினேன். குறி தப்பவில்லை.

என் முகம் யாருக்குத் தெரியும்? ரேடியோவில் வருவது குரல். ரெக்கார்டில் இருப்பது பேர். இரண்டையும் இன்னொருத்திக்கு மாட்டிவிட்டால் நான் யார்?

பாவி. படுபாவி. பிணத்துக்குப் பவுடர் பூசின கைதானே.

ஜூன் 12, செவ்வாய்

ஸ்டோக்ஸை போனில் பிடித்தாயிற்று. ஆனால் பேச வேண்டியது அக்கா. நான் எழுதித் தர, அவள் படிக்க வேண்டும்.

நான் எழுதியது: ‘பிணம் திங்கிற நாயே, உன் குடலை உருவி மாலை போடுவேன்.’

அக்கா படித்தது: "ஐயா, டெஸ்ஸிக்கு உங்க மேல கொஞ்சம் வருத்தமாம்."

மேசையை ஓங்கிக் குத்தினேன். அடுத்து எழுதியதைப் பார்த்து அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை ஆராதனையில பாடற வாய்டி இது! இதை எப்படிச் சொல்லுவேன்?"

ரிசீவரைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். அவன் சாவகாசமாகப் பேசுகிறான்.

"கேட்டுக்கோ தாயீ. டெஸ்ஸி பிரூயிட்ங்கிறது நான் வச்ச பேரு. காகிதத்துல என் பேருக்குத்தான் இருக்கு. நீ ஒடெஸ்ஸா. ஒடெஸ்ஸாவை எவனுக்குத் தெரியும்? உன் தொண்டை போச்சு. கடையைச் சாத்தச் சொல்றியா?"

என்னால் மூச்சு மட்டும்தான் விட முடிந்தது. அவனுக்கு அது கேட்டிருக்கும்.

"உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஜூன் 13

தூங்கவில்லை. பச்சை கவுன். பச்சை கவுன். பச்சை கவுன்.

ஜூன் 17, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டும். 

கிரீன்வில்லில் மதியக் கச்சேரி என்று ஹோரஸ்தான் கண்டுபிடித்துச் சொன்னான். அக்காவும் நானும் பஸ்ஸின் கடைசி இருக்கையில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினோம். கொட்டகை வாசலில் என் பேர் ஆள் உயரத்துக்கு. உள்ளே நுழைய நானே டிக்கெட் எடுத்தேன்.

அவள் வந்தாள். இருபது வயசு இருக்கலாம். என் கவுன் அவளுக்குப் பெரிசு. முதுகில் ஊக்கு குத்தி இழுத்திருந்தார்கள். என்னைப் போலவே இடுப்பில் கை. என்னைப் போலவே தலையைச் சாய்த்து ஒரு சிரிப்பு.

மட்டமாகப் பாடியிருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ. நன்றாகப் பாடினாள். அந்தக் கூவல் வந்தது. என்னைவிட நீளமாக இழுத்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியவில்லை. அக்கா பாவாடையைப் பிடித்து இழுத்தது மட்டும் ஞாபகம். வாத்தியம் நின்றது. "யாருடி இவ?" என்று ஒரு குரல். "ஏம்மா, வழி தெரியாம வந்துட்டியா?" என்று இன்னொன்று. சிரிப்பு.

டாக்டர் சொன்னது நினைவு இருந்தது. இருந்தும் வாயைத் திறந்தேன். நான்தான் டெஸ்ஸி பிரூயிட் என்று கத்தினேன்.

வந்தது குரல் இல்லை. துருப்பிடித்த கீல்.

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. "டெஸ்ஸியா? தவளைக்குப் பொறந்தவளே, இறங்குடி!" ஐஸ் போட்ட கோப்பை ஒன்று என் மார்பில் வந்து விழுந்தது. எறிந்தவள் என் வயசுக்காரி. அவள் மேல்கூடக் கோபம் வரவில்லை. அவள் எனக்காகத்தான் எறிந்தாள். டெஸ்ஸிக்காக!

இரண்டு தடியன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குப் பின்னால் விட்டார்கள். அந்தப் பெண் அசையாமல் நின்றிருந்தாள். 

ஆனால் பின்னாலேயே ஓடிவந்தாள். நான் யோசிக்கவில்லை, அறைந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பேய் பார்க்கிற மாதிரி.

"அக்கா... நீங்க செத்துட்டீங்கன்னு ஸ்டோக்ஸ் சொன்னாரு. அவர் கையாலயே புதைச்சாராம். ஊருக்குத் தெரியாம அடக்கம் பண்ணணும்னு நீங்க ஆசைப்பட்டீங்களாம். உங்க பாட்டு சாகக் கூடாதுன்னுதான் நான்... ராத்திரியெல்லாம் உங்களுக்காக ஜெபம் பண்ணினேன் அக்கா."

ஹோரஸிடம் ஒரு கதை, இவளிடம் ஒரு கதை. என்னைப் புதைத்தே விட்டான்.

அப்போது அக்கா வாயைத் திறந்தாள். கோரீன் அக்கா, முப்பது வருஷமாக ஆராதனையில் பாடுகிறவள். செவ்வாய்க்கிழமை போனில் படிக்க மாட்டேன் என்றாளே, அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் தெருவில் நின்று சொன்னாள். கூடவே சொந்தமாகவும் சேர்த்தாள்.

ஜூலை 20, வெள்ளி

டாக்டரிடம். "சொன்னா கேக்கற ஜனமா நீங்க?" என்றான். கத்தினதில் உள்ளே கிழிந்து தழும்பாகிவிட்டதாம். பேசலாமாம். கீழ்க்குரலில் ஏதாவது முனகலாமாம். மேலே போகவே போகாது.

கூவல் போயிற்று.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து துணியெல்லாம் தோய்த்தேன், தோய்த்ததையே மறுபடியும் தோய்த்தேன்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

அந்தப் பெண் வாசலில் நிற்கிறாள். வில்லாடீன் என்று பேராம். கையில் பச்சை கவுன், மடித்து. நாட்செஸ் ஊர் மேடையில், "நான் டெஸ்ஸி இல்லை, டெஸ்ஸி உயிரோட இருக்காங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டாளாம். நாற்காலி பறந்திருக்கிறது. ஸ்டோக்ஸ் அவளை நடு ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பருத்திக் காட்டு லாரிகளில் ஏறி ஏறி வந்திருக்கிறாள்.

பேச எனக்கு இப்போது அனுமதி உண்டு. ஆனால் அவளிடம் பேச மனசு வரவில்லை. அக்கா அவளை உட்கார வைத்துக் கீரையும் மோரும் கொடுத்தாள்.

"நீ மன்னிக்காட்டி போ. அதுக்காக வந்த புள்ளையைப் பட்டினி போடுவியா?"

ஸ்டோக்ஸுக்கு இன்னொரு பெண் கிடைத்துவிட்டாளாம். மூன்றாவது டெஸ்ஸி.

ஆகஸ்ட் 22, புதன்

வில்லாடீன் இங்கேயே இருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். நிறுத்துடி என்று கத்த நினைத்தேன். இந்தக் குரலில் கத்தக்கூட முடியாது.

செப்டம்பர் 8, சனி

ஹோரஸ் பழைய பியானோ முன்னால் உட்கார்ந்து சுருதியைக் கீழே, இன்னும் கீழே என்று இறக்கிக்கொண்டே போனான். கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி. "இங்க பாரு, இங்க நிக்குது உன் குரல்" என்றான்.

பாடினேன். ஆம்பிளைக் குரல். சரளைக் கல்லில் வண்டி ஏறுகிற குரல். "நல்லா இல்லை" என்றேன்.

"நல்லா இருக்குன்னு யார் சொன்னா? பயமா இருக்கு. இன்னொரு தடவை பாடு."

செப்டம்பர் 15, சனி

மூன்றாவது டெஸ்ஸியைப் பற்றிப் பேப்பரில் வந்திருந்தது. படித்துவிட்டு அடுப்படியில் நின்று எனக்குள்ளேயே முனகினேன். ‘என்னைப் புதைச்சவனே, கேட்டுக்கோ, குழி ஆழம் பத்தலை.’ வாயில் தானாக வந்தது. மறுபடி முனகினேன். கால் தரையைத் தட்டியது. வில்லாடீன் கழுவுகிற தட்டை நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து, மெதுவாக, "பத்தலை, பத்தலை" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். பயந்துபோய் நின்றாள்.

"ஏன் நிறுத்தினே? தட்டால தாளம் போடு" என்றேன்.

அவளிடம் நான் பேசின முதல் பேச்சு.

அக்டோபர் 19, வெள்ளி

ரெக்கார்டிங் முடிந்தது. வேறு கம்பெனி, சின்னது, பழைய தையல் கடைக்குப் பின்னால். என்ன பேர் போடட்டும் என்று கேட்டார்கள். டெஸ்ஸி என்று போட்டால் ஸ்டோக்ஸ் கோர்ட்டுக்குப் போவானாம்.

ஒடெஸ்ஸா பிரூயிட், என்றேன். என் அம்மா வைத்த பேர். எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

டிசம்பர் 22, சனி

மெம்பிஸில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் ‘குழி ஆழம் பத்தலை’தான். வில்லாடீன் சொல்கிற ‘பத்தலை’க்கு ஜனங்கள் மேசையைக் குத்துகிறார்கள். யார் பாடுகிறது என்று இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆம்பிளை என்று நினைக்கிறார்களாம்.

ஸ்டோக்ஸ் வீட்டுப் பக்கம் பையன்கள் இதைப் பாடிக்கொண்டே சைக்கிளில் போகிறார்கள் என்று ஹோரஸ் சொன்னான். சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி கோபம் வந்தது. ஒரு பாட்டு ஓடினதும் என் தொண்டை திரும்பி வந்துவிடுமா என்ன?

1957 மார்ச் 9, சனி

லிட்டில் ராக். கொட்டகை முக்கால்வாசி நிறைந்தது. முதலில் வில்லாடீன், அவள் சொந்தப் பேரில், சொந்தக் கவுனில். அப்புறம் நான்.

முடிந்ததும் ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். சர்ச் தொப்பி, வெள்ளைக் கையுறை.

"நல்லாப் பாடினே, ராசாத்தி. குறை சொல்றேன்னு நினைக்காதே. ஆனா டெஸ்ஸி பிரூயிட்னு ஒருத்தி இருந்தா பாரு, அவ அந்தக் கூவல் கூவுவா பாரு... இப்ப அவ பேர்ல சுத்தறவ யாரோ தெரியலை, அவ இல்லை அது. எனக்குக் காது இருக்கு. எனக்குன்னா அந்தப் பழைய டெஸ்ஸிதான்."

ஹோரஸ் என் தோளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். எதை எடுத்து வீசுவேனோ என்று பயந்திருப்பான்.

"எனக்கும் அவளைப் பிடிக்கும்மா" என்றேன்.

அப்புறம் மூன்று பேரும் ஆற்றோரக் கடையில் பொரித்த மீன் சாப்பிட்டோம். வில்லாடீன் தலையைத் தின்ன மாட்டேன் என்றாள். நான் தின்றேன்.