நோட்டீஸில் இல்லாத வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி அது இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று நம்பியே எழுதுகிறேன்.

நீ படித்த பள்ளிக்கூடம் முன்னே மாதிரி இல்லையம்மா. கணக்கு சார் மாற்றலாகி ஏழு மாதம் ஆச்சு, பதிலுக்கு ஆள் இல்லை, ஆறையும் ஏழையும் டீச்சர் ஒரே அறையில் வைத்து மேய்க்கிறார், எட்டாம் வகுப்பைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள ஹெச்.எம். அம்மா மணியடிக்கிற என்னை உட்கார வைத்தார். எட்டாவதில் இரண்டு தடவை பெயிலானவன் எட்டாவதுக்குக் காவல்! சும்மா இருந்தேனா, அரையையும் காலையும் கூட்டி, ஆறில் இரண்டு என்று போர்டில் போட்டேன். முன்பெஞ்சில், நீ உட்கார்ந்த இடத்தில், இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, அரை ரொட்டியோட கால் ரொட்டி சேர்த்தா குறையுமா மணி ஐயா என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும்தான். அன்றிலிருந்து அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், நான் சாக்பீஸ் எடுத்துக்கொடுத்தேன்.

அவள் அம்மா வேலைசெய்த கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. கைக்குழந்தையைப் பார்க்க வேறு ஆளில்லை, இவள் பன்னிரண்டு நாளாக வரவில்லை. ஹெச்.எம். கொடுத்த நோட்டீஸை நான்தான் கொண்டுபோனேன். ஒருமுறை நேரில் வாருங்கள், ஆகிற உதவியைப் பேசலாம் என்றுதான் அதில் இருந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, என்னைப் படிக்கச் சொன்னாள். பயந்தாவது அனுப்புவாள் என்று நினைத்து, வராவிட்டால் போலீஸ் வரும் என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்து, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே படித்துவிட்டேன். பெண் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். இருந்திருந்தால் இதையும் திருத்தியிருப்பாள்.

இரண்டு நாள் கழித்துப் போனால் வீடு பூட்டிக்கிடக்கிறது. போலீஸ் வருதாமே, அந்த பயத்துலதான் கிளம்பிட்டாங்க, உங்க பொண்ணு இருக்கிற ஊர்ப்பக்கம் சொந்தக்காரங்க கட்டட வேலை பாக்கறாங்களாம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஹெச்.எம். அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவே இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருக்கலாம். முன்பெஞ்சைப் பார்க்க முடியாமல் நான் இப்போது வாசலில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன்.

நீ பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு எதிரே கட்டடம் எழும்புகிறது என்று எழுதியிருந்தாயே. நடு வருஷத்தில் காகிதம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் வந்து நின்றால், முதலில் உட்கார வை, மற்றதை அப்புறம் கேள். பயத்தில் பெயரை மாற்றிச் சொன்னாலும் சொல்வாள். அரையும் காலும் ஆறில் இரண்டு என்று போர்டில் போட்டுப் பார். எழுந்து வந்தால் அவள்தான். போலீஸ் என்று அந்த நோட்டீஸில் இல்லவே இல்லை, மணி ஐயாதான் தப்பாகப் படித்தார் என்று சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நன்றாயிருக்க வேண்டும், உன் வகுப்பு நிறைந்திருக்க வேண்டும்.

உன் அப்பா,
மணியடிக்க மட்டும் தெரிந்தவன்