தலைகீழாக வைத்த தகடு

யேனா பல்கலைக்கழக ஆய்வகம், செவ்வாய் காலை

அன்புள்ள அப்பா,

நம் ஊர் ப்ளோவ்திவில் குளிர் தொடங்கிவிட்டதா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம்.

நேற்று ஒரு வேடிக்கை. வெள்ளியும் கண்ணாடியும் மாறி மாறி மெல்லியதாகப் பூசிய என் தகட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே. பூச்சுப் பக்கம், நான் பார்க்கும் உயிரணுவைத் தொட்டிருந்தால்தான், நுண்ணோக்கியில் ஒன்றாகக் கலங்கித் தெரியும் இரண்டு புள்ளிகள் பிரியும். பக்கத்து மேசை யோஹன் எட்டிப் பார்த்தான்.

"ஏய் ராலிட்சா, தகட்டைத் தலைகீழா வெச்சிருக்க. அப்படியும் ரெண்டா தெரியுதே, சூனியக்காரி!"

நானும் சிரித்தேன். பிறகு திருப்பி வைத்தேன். படம் மாறவில்லை. பூச்சே இல்லாத வெறும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன், அதிலும் அதே இரண்டு புள்ளிகள். அப்படியானால் பிரித்தது தகடு அல்ல. படத்தைத் தெளிவாக்க நான் எழுதிய கணினி நிரல். நான் காண விரும்பியதை மூன்று வருடமாக அது வரைந்து கொடுத்திருக்கிறது.

இந்தத் தகட்டைப் பற்றிப் பேராசிரியரும் நானும் எழுதிய கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. "வாயை மூடிட்டு இரு, யாரு திருப்பிப் பாக்கப் போறா?" என்கிறான் யோஹன்.

கவலைப்படாதீர்கள். மிளகாய்த் தொக்கு இரண்டு புட்டி அனுப்புங்கள். இல்லை, அனுப்ப வேண்டாம். வீட்டில் என் அறையை மட்டும் இந்த மாதம் வாடகைக்கு விடாதீர்கள்.

பேராசிரியரின் சைக்கிள் வாசலில் வந்து நிற்கிறது. போய்ச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ராலிட்சா