நாலு மணி நேரப் பயணம்

என்னங்க,

எழுப்ப மனமில்லை, தூங்குங்கள். நானும் பாப்பாவும் என் தோழி வீட்டுக்குப் போகிறோம். நாளை மாலை வருவோம். சமைத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். கார் சாவி உங்கள் நீலச் சட்டைப் பையில் இருக்கிறது, வீட்டைப் புரட்டிப் போடாதீர்கள்.

மதியம் ஒரு மணிக்கு உங்கள் அக்கா வந்து இறங்குகிறார்.

போன வருஷம் அக்கா ஊரிலிருந்து அதே விமானத்தில், காய்ச்சலோடு இருந்த பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு வந்து சோபாவில் சாய்ந்தேன். "ஒன்பதுக்கு ஏறி ஒண்ணுக்கு எறங்கியிருக்கே. நாலு மணி நேரம் உக்காந்து வந்ததுக்கு இவ்வளவு அலட்டலா?" என்றீர்கள். மறுநாள் அதை அக்காவிடமும் போனில் சொல்லி, இரண்டு பேருமாக விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிடப் பத்து மணி நேரம் முந்தி ஓடுகிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு "குட் மார்னிங் அக்கா" என்று போன் போடுகிறவருக்கு அது உறைக்கவே இல்லை. பயணம் பதினாலு மணி நேரம்! இந்த முறை டிக்கெட் எடுக்கும்போது அக்காவிடமும் நீங்கள் நாலு என்றே சொன்னபோது, நான் பக்கத்தில் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பி.கு.: நேற்று இரவு நீங்கள் தூங்கிய பிறகு, விமானம் ஏறுமுன் அக்கா பேசினார். "நாலு மணி நேரம்தானே, நடு சீட்டே போதும்னு தம்பி சொன்னான். மூட்டுவலித் தைலத்தைக்கூடப் பெரிய பெட்டியில போட்டு அனுப்பிட்டேன்" என்றார். "நல்லபடியா வாங்க அண்ணி" என்றேன்.

இன்னொன்று: சுடுதண்ணீர்ப் பை குளியலறை அலமாரியில் இருக்கிறது. அது அவர் முழங்காலுக்கு. அவர் கத்த ஆரம்பித்ததும், அன்று என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் அவரிடமும் சொல்லிப் பாருங்கள்.