சரிபாதி

சைதா,
சனிக்கிழமை.

என் கண் லுப்னாவுக்கு,

உன் அம்மாவின் சலாமும் ஆயிரம் முத்தங்களும். மெல்போர்னில் குளிர் எப்படி இருக்கிறது? கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று காது கொடுக்கிறார். அதனால்தான் விடுமுறை முடிந்து அங்கே திரும்பும் சமீராவிடம், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஸாத்தர் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய இதய மாத்திரை வந்து சேர்ந்தது. இங்கே எந்தக் கடையிலும் இல்லாத மருந்து, பார்த்ததும் அழுதுவிட்டேன். ஆனால் அப்பா சாப்பிடுவதைவிட இரண்டு மடங்கு வீரியம் என்றாயே, அங்கேதான் வம்பு. நடுவில் கோடு இருக்கிறதே, உடைத்துப் பாதி சாப்பிடுங்கள் என்றேன். மனிதர் மசியவில்லை. ஒரு பாதியில் மருந்து கூடி, மறுபாதியில் குறைந்தால் இதயம் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் படுத்துக்கொள்ளும் என்று ஒரே பிடிவாதம். பழைய அட்டையில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ வைத்த ஆங்கிலத் தாளோ எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

மாடியில் உன் அத்னான் பெரியப்பாவுக்கும் அப்பாவின் அதே டாக்டர், அதே மாத்திரை, அதே அளவு. அவரிடம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. கால் வீங்கி, கழிவறைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. ஆரஞ்சுத் தோட்டத்தைப் பிரித்ததிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை என்பதுதான் உனக்குத் தெரியுமே. அவர் இருமும்போதெல்லாம் உன் அப்பா கூரையைப் பார்ப்பார்.

கடைசியில் தாளை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை கஸ்ஸானிடம் போனோம். 'டிவிசிபிள்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"கோடு இருந்தா மட்டும் போதாது ஹாஜி. சிலதுல முழுங்க லேசா இருக்கட்டும்னு கோடு போட்டிருப்பான். இப்படி எழுதியிருந்தாத்தான் ரெண்டு பாதியிலயும் மருந்து சமம்."

உன் அப்பா அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றை உடைத்தார். ஒரு பாதியை விழுங்கினார். மறுபாதியைக் காப்பித் தட்டில் வைத்துக்கொண்டு படியேறினார். நான் கீழேயே நின்றேன். கதவு திறந்தது. பிறகு பெரியப்பாவின் குரல் கேட்டது.

"பெரிய பாதிய நீ முழுங்கிட்டியாக்கும்?"

"இல்லண்ணே. சரிபாதின்னு இங்கிலீஷ்லயே எழுதியிருக்கு."

இருவரும் இருமலும் சிரிப்புமாக ஓய்ந்து, மேலே காப்பி கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெரியப்பாவின் கால் வீக்கம் இப்போது வடிந்துவிட்டது. தினமும் காலையில் உன் அப்பா மாத்திரையை உடைத்துக்கொண்டு மாடிக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறார். அட்டையையே அண்ணனிடம் கொடுத்துவிட்டால் அவரே உடைத்துக்கொள்வாரே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. வாயைத் திறக்கவில்லை. நீயும் போனில் உளறிவிடாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கண்ணே. அப்பாவுக்குச் சரியான அளவில் சின்ன மாத்திரை அங்கே கிடைத்தாலும் வாங்காதே. இதையே அனுப்பு. தாளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பு. அல்லாஹ் உன் கைகளைக் காக்கட்டும்.

உன் அம்மா,
நஜாத்