சாய்ந்த ஏழு

செப்டம்பர் 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மேல்காற்று. ஷட்டரைத் தூக்கியதும் கடைக்குள் ஒரு முறம் புழுதி.

— கிரீஸ் டப்பா இரண்டு பெட்டி சொல்ல வேண்டும்
— தப்பாக வந்த ஃபேன் பெல்ட் திருப்பி அனுப்ப
— கோமதி மூக்குக்கண்ணாடி. மூன்றாவது வாரமாக மறக்கிறேன்.

பத்து மணிக்குப் புரோக்கர் முருகையா போன். "அண்ணாச்சி, திருவேங்கடத்துல ஒரு மூக்கு லாரி நிக்கு. தமிழ்நாட்டுலயே இந்த மாடல் மூணுதான். அதுல ஒண்ணு இது." இன்ஜின் மூக்கு மாதிரி முன்னால் நீட்டியிருக்கும் பழைய மாடல். சிரிப்பு வந்தது. போன வருடம் மட்டும் இதே மாடலில் நான்கு பார்த்தேன். நான்குமே அந்த மூன்றில் ஒன்றாம்.

அடுத்து கோ. சார். கோவையில் பழைய லாரிகளாக வாங்கி ஷெட்டில் நிறுத்துகிறவர். நாளை நான் போய்ப் பார்த்து, ஒரிஜினலா இல்லையா என்று சொல்ல வேண்டும். சரி என்றேன். ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கோமதி. என்னை 'லாரி டாக்டர்' என்று நான்கு பேர் கூப்பிடுகிறார்கள். அதற்காகத்தான். அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

பைக்கில் திருவேங்கடம். வழியெல்லாம் கரிசல் மண் முகத்தில்.

பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் ஓரத்தில் வண்டி. வண்டியின் சொந்தக்காரர் இறந்து எட்டு மாதம். அவரே ஓட்டி, மிளகாயும் பருத்தியும் விருதுநகருக்கு ஏற்றியவர். மகள் செல்வராணி, நாற்பது வயது இருக்கும், தையல் வகுப்பு நடத்துகிறாள். வேடிக்கை பார்க்க டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர். முருகையா, "மூணே வண்டி" என்று அவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்த்தது:
— பானெட் தகரம், ரிவெட்: பழசு, சரி
— மீட்டர்: சரி. ஓடாது.
— ஸ்டியரிங், சீட்: மாற்றியது
— இன்ஜின் நம்பர்: ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது
— சேசிஸ் நம்பர்: மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். எண் ஆர்.சி.யில் உள்ளதுதான். ஆனால் ஏழு சாய்ந்திருக்கிறது. மூன்று ஆழமில்லை. ஒரு எழுத்தும் நேர்கோட்டில் இல்லை.

கோ. சார் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்தேன். "இது நம்பர் அடிச்ச வண்டி சார்" என்றேன். கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"அப்படின்னா என்ன அண்ணாச்சி?" என்று செல்வராணி.

பழைய நம்பரை அரத்தால் ராவிவிட்டுப் புதிதாக அடிப்பது, பெரும்பாலும் களவு போன வண்டிகளில் செய்வது என்று விளக்கினேன். பாடம் நடத்துகிற மாதிரி.

"எங்கப்பா புதுசா எடுத்த வண்டி அண்ணாச்சி இது."

"உங்ககிட்ட அப்படிச் சொல்லியிருப்பாரும்மா."

இதை எழுதும்போது கை கூசுகிறது. சொல்லும்போது கூசவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காற்று குறையவில்லை. இரண்டு மணி நேரம் கரன்ட் இல்லை. தெருவில் தறிச் சத்தம் நின்றதும் காது அடைத்தது போல இருந்தது.

டிராக்டருக்கு ஃபில்டர் வாங்க வந்தவர்: "என்னவே, திருவேங்கடத்துல களவாணி லாரிய கண்டுபிடிச்சீராமே? இத்தன வருசம் ஊருக்குள்ள நல்லவன் மாதிரி இருந்திருக்கான் பாரும்."

இல்லை, அப்படி நான் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

செல்வராணி பஸ்ஸில் வந்தாள். வீட்டைக் கேட்டு விசாரித்து. கோமதி மோர் கொடுத்தாள், குடிக்கவில்லை.

பிளாஸ்டிக் கவரில் அப்பாவின் பைனான்ஸ் பத்திரம். புது வண்டி எடுத்தபோது போட்டது. அதில் ஒட்டியிருந்த பென்சில் பிரிண்ட். சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள், அது. அதே சாய்ந்த ஏழு. அதே ஆழமில்லாத மூன்று. வண்டி வந்த முதல் வாரத்திலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது.

"வச்சிட்டுப் போம்மா, பாக்கேன்" என்றேன்.

"வைக்க மாட்டேன் அண்ணாச்சி. எங்கப்பாவுக்காகப் பேச மிச்சம் இது ஒண்ணுதான்." கவரை மடித்துப் பைக்குள் வைத்தாள். "தம்பி திருப்பூர்ல இருந்து போன் போட்டு, களவாணி வண்டின்னு பேரு வேண்டாம், வெட்டி எடைக்குப் போடுன்னுட்டான். வெட்டுறவங்க புதங்கிழம வாராங்க. ஊர்ல நான் இதக் காட்டுனா மகதானன்னு சிரிக்காங்க. நீங்க வந்து சொன்னாக் கேப்பாங்க."

வாரேன் என்றேன்.

அவள் போனபிறகு போனில் இருந்த படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதுவரை பார்த்த பழைய வண்டிகளில் காகிதம் சுத்தமாக உள்ளவை ஆறு. ஆறிலும் நம்பர் கோணல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தாக வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். கோணாமல் எப்படி இருக்கும்? இந்த ஆறில் சேராத ஒரே ஒரு வண்டியில்தான் ரூலர் வைத்த மாதிரி வரிசை. போன வருடம் நான் "நூற்றுக்கு நூறு ஒரிஜினல்" என்று சொல்லி கோ. சாரை வாங்க வைத்த வண்டி.

முருகையா சொன்ன 'மூணே வண்டி' பொய். அது பொய் என்பதால் மற்றதும் பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பைக்கை எடுத்திருக்கிறேன். அபூர்வமா என்பது வேறு, அசலா என்பது வேறு. இதுகூடத் தெரியாதவன் டாக்டர்.

வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

திருவேங்கடம் போகவில்லை. சரக்கு வந்தது. சரக்கை நாளைக்குப் பிரித்திருக்கலாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கோ. சாருக்கு போன். திருவேங்கடம் வண்டி ஒரிஜினல், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். "பரவால்லைங்க, நான் சேலத்துல வேற ஒண்ணு முடிச்சுட்டேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு போன வருட வண்டியையும் சொன்னேன். நம்பர் வரிசையாக இருக்கிறது, பின்னால் அடித்ததோ என்று எனக்கு இப்போது சந்தேகம் என்று. கோ. சார், "அதை வெளியே சொல்லீறாதீங்க. கண்காட்சியில பரிசு வாங்குன வண்டிங்க அது. ஒரிஜினலாவே இருந்துட்டுப் போகட்டும்."

சரி சார் என்றேன். அதற்கும் சரி.

திருவேங்கடத்துக்கு நேரில் போக வேண்டாம், 'வண்டி அசல்' என்று கடை லெட்டர் பேடில் எழுதி முருகையாவிடம் கொடுத்துவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன். கோமதி எட்டிப் பார்த்தாள். "கூட்டத்துல வச்சு வாயால சொன்னதுக்கு, காயிதத்துல பதிலா?" பேடை மூடி வைத்தேன். காலையில் முதல் வேலையாகப் போக வேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

முதல் வேலையாகப் போகவில்லை. சட்டை தேடினேன். பைக்குக்குக் காற்று அடித்தேன். யாரோ பேரிங் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். போய்ச் சேரும்போது பதினொன்றரை.

கேஸ் வெல்டிங் நாற்றம் ரோட்டிலேயே அடித்தது. பானெட் தனியாகத் தரையில். கேபின் இரண்டு துண்டு. சேசிஸை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்.சி.யை ரத்து செய்ய நம்பர் உள்ள பாகத்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும் என்று அதை மட்டும் முதலில் வெட்டி எடுத்திருந்தார்கள். ஒரு முழ இரும்பு. செல்வராணி ஈரச் சாக்கில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள்.

அதே டீக்கடை ஆட்கள். இரண்டு மூன்று பேர் கூடுதலாக இருந்தார்கள்.

அவள் பக்கத்தில் போய், "நம்பர் அசல்தாம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? எனக்குத் தெரியுமே."

திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். வெட்டுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "என்னவே சொல்லுதீரு?" என்று ஒருவர் காதில் கை வைத்தார். வெட்டுகிறவனை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இது களவாணி வண்டி இல்ல. இவங்க அப்பா புதுசா எடுத்த வண்டி. எனக்குத்தான் பாக்கத் தெரியல."

அன்றைக்கு எவ்வளவு பேச்சு! ஒருவர் டீ கிளாஸைக் கழுவி வைத்தார்.

வெட்டுகிறவன்தான் கேட்டான். "அண்ணாச்சி, அப்ப மிச்சத்த வெட்டவா, வேண்டாமா?"

செல்வராணி என்னைப் பார்த்தாள். பதில் நான் சொல்ல வேண்டும் என்பதுபோல.